வாப்பா விடாத கடைசிச் சொல்

என் வாப்பா சீனிமுகம்மது கல்முனைக்குடியில் ஐஸ் கட்டி உடைத்து மீன் வள்ளங்களுக்கு ஏற்றுபவர். கதைக்கும்போதும் நடந்துகொண்டிருப்பார். சோறு தின்னும்போதும் முழங்கால் ஆடும். அவர் அசையாமல் இருந்தது நபியைப் புகழ்ந்து பாடும் மௌலிது மஜ்லிஸில் மட்டும்.

நபி பிறந்த மாதத்தில் ஒவ்வொரு நாளும் மஃரிப் தொழுகைக்குப் பின் ஓதல் நடக்கும். ஓதலை நடத்தும் நூஹு லெவ்வை ஓர் அரபு அடியைப் பாடுவார். எதிரே இருக்கும் வரிசை ஒரே குரலில் மறுமொழி பாடும். வாப்பா அந்த வரிசையில் ஒருவர். மறுமொழியின் கடைசிச் சொல்லை அவர் இழுப்பார். அவர் விடும்வரை லெவ்வையால் அடுத்த அடிக்குப் போக முடியாது.

"சீனிமுகம்மது காக்கா, வெளியில சோறு ஆறுது" என்று அண்ணன் முறை வைத்து லெவ்வை அவசரப்படுத்துவார்.

"ஆறட்டும். ரசூலுல்லாவ ஓடி ஓடியா புகழுற?"

வருடாவருடம் இதே சண்டை. சபை சிரிக்கும்.

இம்முறை ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து வாப்பா மௌத்தானார். மாரடைப்பு.

நான் மின் தொழில்நுட்பம் படித்தவன். மஜ்லிஸுக்கு ஒலிபெருக்கி போடுவது என் வேலை. வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது லெவ்வை வந்தார்.

"மகன், அந்த நீளமான பைத்த இந்த முற உடுவம். இழுக்க ஆளில்ல."

வாப்பா ஆண்டு முழுவதும் காத்திருந்தது அந்தப் பைத்துக்காக, அந்த ஒரு பாட்டுக்காக. ஒருமுறை விட்டால் பிறகு யாரும் எடுக்கமாட்டார்கள்.

"உடாதீங்க. நான் இரிக்கன்."

வரிசையில் பாடும் என் மச்சான் றாஸிக் சிரித்தான். "நீயா? உனக்கு வயர்தான் சரி மச்சான்."

வீட்டில் வாப்பாவின் பழைய ஒலிப்பதிவை ஓடவிட்டு ஒவ்வோர் இழுவையையும் அளந்தேன். எல்லாம் வேறு வேறு நீளம். சராசரி எடுத்தேன். அந்த அளவில் பழகினேன். வாப்பா போனபின் உறக்கம் வரவில்லை, இரவைக் கழிக்கவும் இது உதவியது.

அந்தப் பைத் பாடும் நாள் வாப்பாவின் இடத்தில் உட்கார்ந்தேன். வலப்பக்கம் எப்போதும்போல பஹ்மி காக்கா, மூச்சு முட்டும் ஆஸ்துமா வருத்தக்காரர். பைத் தொடங்கியது. என் சராசரி எதற்கும் பொருந்தவில்லை. ஓரிடத்தில் எல்லாரும் விட்டபின் நான் தனியே கத்திக்கொண்டிருந்தேன். இன்னோரிடத்தில் நான் விட்டதும் லெவ்வை அடுத்த அடிக்குப் பாய்ந்தார், பாதி வரிசை பின்னால் ஓடியது.

"பாத்தியா?" என்றான் றாஸிக். "நிப்பாட்டுவமா?"

லெவ்வை அந்தப் பைத்தை விட்டுவிடக் கிதாபில் பக்கத்தைப் புரட்டப்போனார். நான் தலையாட்டி மறுத்தேன். அவர் சலிப்போடு அடுத்த அடியைத் தொடங்கினார்.

மறுமொழியின் பாதியிலேயே பஹ்மி காக்காவின் குரல் அறுந்தது. வாயைத் திறந்து மூச்சை இழுத்தார், நெஞ்சு விசிலடித்தது. அப்போதுதான் விளங்கியது, வாப்பா எதை அளந்தார் என்று. இந்த மனிதன் அடுத்த அடிக்கு ஆயத்தமாகும்வரை அவர் சொல்லைப் பிடித்து வைத்திருந்திருக்கிறார்.

அளவை மறந்தேன். கடைசிச் சொல்லைப் பிடித்தேன். லெவ்வையின் விரல்கள் கிதாபில் தட்டின. என்னை முறைத்தார். பஹ்மி காக்கா இன்னும் மூச்சு எடுத்து முடிக்கவில்லை.

நான் விடவில்லை.