கும்மி மெட்டில் திரும்பி வந்த சொல்

சென்ற கார்த்திகை இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை, முந்திரித் தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்த என் மனைவி மல்லிகா அப்படியே சாய்ந்தாள். பக்கவாதம். வலது கை விழுந்தது. பேச்சும் போனது. நாங்கள் சொல்வது அவளுக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறப்பாள். கண்ணீர்தான் வரும்.

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. அடுப்படியிலிருந்து ஒரு "ஏங்க", கொல்லையிலிருந்து ஒரு "ஏங்க" என்று நாள் முழுதும் அவள் குரல் கேட்கும். அந்தச் சொல் நின்றதும் வீடு வீடாக இல்லை. எங்கள் மாரியம்மன் முன்னால் நின்று தினமும் ஒன்றை மட்டுமே கேட்டேன்: "ஆத்தா, அவ என்னய மறுபடியும் கூப்பிடணும்."

புதுக்கோட்டையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் என்னைக் காட்டி, "இவங்க பேரு என்ன? சொல்லுங்க பாப்போம்" என்றார். மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி கேட்டபோது உதட்டை இறுக்கிக்கொண்டாள். என் பெயர்கூட அவளுக்குள் அழிந்துவிட்டது என்று நினைத்து அங்கேயே அழுதுவிட்டேன்.

கூட வந்த கொழுந்தியாள் ராணி சிரித்துவிட்டாள். "நல்லா இருந்தப்பவே ஒங்க பேரச் சொன்னவளா அவ? ரேஷன் கடையில கேட்டாக்கூட என் மொகத்தத்தான் பாப்பா! வெவரமாத்தான் இருக்கா மச்சான், அழுவாதீங்க."

இதைக் கேட்டுப் பயிற்சிப் பெண்ணும் சிரித்தார். "அப்ப அவங்களுக்குப் பழகுனதுலேருந்து ஆரம்பிப்போம். பாட்டு பாடுவாங்களா?"

"மொளப்பாரிக் கும்மிக்குப் பாட்டு எடுத்துக் குடுக்குறதே எங்கக்காதாங்க."

மூளையின் இடப்பக்கத்தில் பேச்சைப் பார்த்துக்கொள்ளும் இடம் அடிபட்டிருக்கிறது, பாட்டுக்கு வலப்பக்கமும் துணை நிற்கும், விடாமல் பழக்கினால் மூளை புதுப் பாதை போட்டுக்கொள்ளக்கூடும் என்றார். எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அன்று முதல் மாலைதோறும் எதிரெதிரே உட்கார்ந்தோம். கும்மிக்கு இரண்டு கை வேண்டும். அவள் இடது கைக்கு என் கையைக் கொடுத்தேன். "ஏங்க, வாங்க" என்று கும்மி மெட்டிலேயே பாடிக் காட்டினேன். எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, இந்த வருசம் நீங்கதான் பாட்டு எடுத்துக் குடுக்கப் போறீங்களா?" என்றாள். மல்லிகாவுக்குச் சிரிப்பு வந்தது. பாட்டுக்கு முதலில் வெறும் முனகல்தான் வந்தது. மாசியில் பாட்டுக்குள் இரண்டொரு சொல் வந்தது. கை நின்றால் வாயும் நின்றுவிடும். ஏங்கிப்போவேன்.

பங்குனித் திருவிழாவில் ராணி அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடித்த பெண்களோடு நிறுத்தினாள். மல்லிகா ஒரு வரி முழுதாகப் பாடினாள். நான் அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். பின்னால் பாட்டில்லை, தாளமில்லை. "ஏ... ங்க."

நான் உடனே திரும்பவில்லை. இன்னொரு தடவை கேட்கவேண்டும் போலிருந்தது. கூப்பிட்டாள்.

இன்னும் பல சொற்கள் அவளுக்கு எட்டவில்லை. மாலைக் கும்மி நிற்கவில்லை. மழையையும் உர விலையையும் எழுதிவந்த என் நாட்குறிப்பில் இப்போது அவள் பேசிய புதுச் சொல்லை எழுதுகிறேன். அம்மனிடமும் போய்ச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு குரல் நின்றுபோயிருந்தால் ஆத்தாளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து, அந்தக் குரலுக்கு உரியவர் எதிரே உட்கார்ந்து, கையை நீட்டுங்கள்.