ஏழாவது மாடிக் காற்று

விரல் முட்டியால் சுவரைத் தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்கிறார் லூர்துமேரி. துளை போடும் மெஷினோடு இன்ஜினியர் ஜெகதீசன் பவ்வியமாகக் காத்து நிற்கிறார். "இங்க வாணாம் தம்பி, உள்ள தூணு ஓடுது. நாலு வெரக்கடை தள்ளிப் போடு." வரைபடத்தில் அந்தத் தூண் இல்லை. ஆனாலும் ஜெகதீசன் தள்ளித்தான் போடுகிறார். ஒருமுறை பேச்சைக் கேட்காமல் பட்டவர்.

விழுப்புரத்தில் ஏழுமாடி லாட்ஜ் எழும்பியபோது லூர்துமேரி பத்தொன்பது வயதுச் சித்தாள். நாற்பது வருஷத்துக்கு முன் சுற்றுவட்டாரத்திலேயே அதுதான் உயரம் என்பார்கள். என்பவர் பெரும்பாலும் லூர்துமேரிதான். பனமலைப் பக்கமிருந்து வண்டி கட்டி வந்து, அண்ணாந்து பார்த்துக் கழுத்துச் சுளுக்கோடு திரும்பியவர்கள் உண்டாம். கண்டக்டர்கள் இன்றும் "ஏழுமாடி எறங்கு!" என்றுதான் கத்துகிறார்கள். லாட்ஜ் மூடியபின் பத்து வருஷம் புறாக்கள் குடியிருந்தன. இப்போது மூன்று ரூமை உடைத்து ஒரு வீடாக்குகிறார்கள். புதுப் பூச்சுக்குத் தண்ணீர் ஊற்றுவது லூர்துமேரியின் வேலை.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகள் ஜெசிந்தா இங்கே ஒரு வீட்டுக்குப் பதிவு செய்திருந்தாள். எந்த மாடி என்பதைக் குலுக்கல் சொல்லும். லூர்துமேரிக்கு ஏழாவதுதான் வேண்டும். "தலையில தூக்கிப் போன கலவச் சட்டிய எறக்கி வெச்சா, மேல ஒரு காத்து வரும் பாரு. ரெண்டு நிமிஷம் நிக்க உடமாட்டான் மேஸ்திரி. ஜல்தி ஜல்தின்னு கத்திக்கினே இருப்பான். அந்தக் காத்துல ஒரு நாளாவது ஆற அமர நிக்கணும்டி."

"மொட்டமாடிக்குக் கீழ வெயில்ல வெந்து சாவணுமா?" என்றாள் ஜெசிந்தா. அவளுக்கு இரண்டாவது மாடி போதும்.

தாயும் மகளும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அந்தோணியாருக்கு ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனு போனால் அவர்தான் என்ன செய்வார்! குலுக்கலில் ஜெசிந்தாவின் சீட்டு இரண்டாவது மாடி என்று விழுந்தது. லூர்துமேரி வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். நனைந்த சுவரையே திரும்பத் திரும்ப நனைத்தார்.

ஏழாவது மாடி விழுந்தது ரிட்டையர்டு வாத்தியார் சீனுவாசனுக்கு. முட்டிவலிக்காரரான அவர் இடி விழுந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா அம்மாவின் முதுகை ஒருமுறை பார்த்தாள். வாத்தியாரிடம் நேரே போய், "சார், மாத்திக்கலாங்களா?" என்றாள். வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. லாட்ஜ் காலத்து லிஃப்ட், ரூம் எடுப்பவர்களுக்கு மட்டும்; புது லிஃப்ட் வந்ததோ போன வாரம்தான். படியே கதியென்று இருந்த லூர்துமேரி முதல் தடவையாக லிஃப்டில் ஏறினார். பால் பானை ஜெசிந்தாவின் கையில். கதவு மூடியது. நாலாவது மாடி தாண்டும்போது லூர்துமேரியின் வலது கை தானாக எழும்பி, தலைமேல் இல்லாத சட்டியைப் பிடித்துக்கொண்டது.

"இன்னாம்மா?" என்று சிரித்தாள் ஜெசிந்தா. அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் கையை எடுக்கவில்லை. ஏழில் கதவு திறந்ததும், அந்தச் சட்டியை இரண்டு கையாலும் பதமாகத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, காற்று வரும் பக்கமாக மெல்ல நடந்தார்.