டீசல் குழாயில் காற்று

கரண்ட் போய் எங்கள் அப்பார்ட்மெண்ட் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பும்போது வரும் டீசல் வாடை, என்னை அப்பாவின் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடும். தாராபுரம் பக்கம், இன்று அகலச் சாலை ஓடும் இடத்தில் அது இருந்தது. தொண்ணூறுகளில், தேங்காய் ஏற்ற அப்பா வாங்கிய பழைய டீசல் ஜீப்புக்கு ஓயாத சீக்கு. ரேடியேட்டர் ஒழுகும், கிளட்ச் பிடிக்காது, எல்லாவற்றுக்கும் மேலாக டீசல் குழாயில் காற்று புகுந்துகொள்ளும். காலைதோறும் அப்பா ஸ்பேனரால் திருகாணியைத் தளர்த்த, நுரை அடங்கி வெறும் டீசல் வரும்வரை அம்மா கைப்பம்பை அழுத்துவாள். அந்தச் சளக் சளக் சத்தத்தில்தான் நான் விழிப்பேன்.

தம்பி பிறக்கவிருந்த நாளில், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பொட்டல்காட்டில் வண்டி நின்றுபோனது. அப்பா பானெட்டைத் திறந்தார். அவசரத்தில் ஸ்பேனர் நழுவி நழுவி விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா இறங்கினாள்.

"ஏனுங்க, நீங்க திருகாணியப் பாருங்க. நான் அமுக்கறேன்."

"வேண்டாம் அம்மணி, நீ உக்காரு."

"உக்காந்தா கொழந்தை இங்கதானுங்க பொறக்கும்."

வலி வரும்போது மட்கார்டில் சாய்ந்து, விட்டதும் மறுபடி அழுத்தினாள். வண்டி கிளம்பியது. தம்பி ஆஸ்பத்திரியில்தான் பிறந்தான்.

அன்று சாயங்காலம் அம்மா கண்ணைத் திறக்காமலே, "அந்த வண்டிய வித்துப்போடுங்க" என்றாள். அப்பா தலையாட்டினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் திரும்பியபோது, ஜீப் நிற்கும் கொட்டகை காலியாக இருந்தது. மறுநாள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா வாசலில் நடக்க, வெயில் ஏறும்வரை அம்மா தூங்கினாள்.