மலை இருக்கிற பக்கம் மேற்கு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே டவுன் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவன் நான். பஞ்சு மார்க்கெட்டில் இறங்க வேண்டியவர் தூங்கிப்போனால் தட்டி எழுப்பி இறக்கிவிடுவேன். என்னிடம் வழி கேட்காத ஆளில்லை. அந்தத் திமிரோடுதான் மனைவியையும் கூட்டிக்கொண்டு மகளைப் பார்க்க கனடாவில் வான்கூவர் நகரத்துக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் இடது, வலது எல்லாம் கிடையாது. சாப்பாட்டு இலையில் உப்பைக்கூட "செத்த மேக்க தள்ளி வையி" என்போம். பஸ்ஸில் கூட்டம் பிதுங்கினால், வில்லிபுத்தூர் போகும்போது "தெக்க நகருங்க" என்று கத்துவேன். திரும்பும்போது "வடக்க நகருங்க". ஒருவர் விடாமல் சரியாகப் பின்பக்கம் நகர்வார்கள். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். மலை இருக்கிற பக்கம் மேற்கு, அவ்வளவுதான்.

மகள் குடியிருந்த ஏரியாவில் வீடுகளெல்லாம் ஒரே சாயல். போதாக்குறைக்கு, ஒரே தெருப்பெயரில் ஒரே கதவு எண் கிழக்கிலும் இருந்தது, மேற்கிலும் இருந்தது. அதைக் காரணம் காட்டி அவள் என்னைத் தனியாக வெளியே விடவில்லை. மூன்று வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற பஸ்களை ஏக்கத்தோடு பார்த்தேன். கடைசியில் சண்டை போட்டு ஒரே ஒரு பயணத்துக்கு அனுமதி வாங்கினேன். பஞ்சாபிக்காரர் கடையில் கறிவேப்பிலை வாங்கி வர வேண்டும். ஒழுங்காகத் திரும்பினால் வீட்டுச் சாவி என் கையில். தொலைந்துபோனால், ஊருக்கு விமானம் ஏறும்வரை வீட்டுக்குள்தான்.

"எப்பா, தெரு முக்குல நாலு பக்கமும் பஸ் போவும். மேக்க போறதுல ஏறுங்க. மூணாவது ஸ்டாப்புல இறங்குங்க" என்றாள்.

"ஏட்டி, எனக்கே பஸ் ஏறச் சொல்லித் தாரியா?"

"ஊருக்கே வழி சொன்ன மனுசன்ல" என்று என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

முக்கில் போய் நின்றேன். வானம் மூடிக் கிடந்தது; சூரியன் எங்கே என்றே தெரியவில்லை. ஆனால் தூரத்தில் நீலமாக மலை. இதைவிட என்ன வேண்டும்? மலையைப் பார்த்துப் போன பஸ்ஸில் ஏறினேன். மூன்றாவது ஸ்டாப்பில் கடையைக் காணோம். நாலாவதில் இருக்கும் என்று உட்கார்ந்திருந்தேன். டிரைவரிடம் கேட்டிருக்கலாம்தான், கண்டக்டருக்கு ஒரு கௌரவம் இருக்கிறதல்லவா? கட்டடங்கள் உயர்ந்துகொண்டே போயின. கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தூங்கிப்போனவர்களை நான் பார்த்த அதே பார்வை.

போன் செய்ததும் மகள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். சாவி போச்சு என்று தலைகுனிந்து நின்றேன்.

"மலையப் பாத்து ஏறிட்டீங்களாப்பா?"

"ஆமா."

"இங்க மலை வடக்கப்பா." சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நானும் வந்த மொத வாரம் இப்படித்தான் ஏறிட்டேன். போன்ல சார்ஜும் இல்ல. மழைக்குள்ள அழுதுக்கிட்டே நடந்தேன்."

அந்த வாரம் போனில் அவளுடன் பேசியது எனக்கு நினைவிருந்தது. "பஸ்ஸெல்லாம் வசதியாம்மா?" என்று கேட்டேன். "ரொம்ப வசதிப்பா" என்றாள். அதை பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். ஊரார் பிள்ளைகளை எல்லாம் சரியான இடத்தில் இறக்கிவிட்டவனுக்கு, தன் பிள்ளை வழி தெரியாமல் நின்றது தெரியவில்லை.

சாவியை அவளே என் சட்டைப் பையில் போட்டாள். மறுநாள் கறிவேப்பிலை வாங்கிவிட்டேன்.

இப்போது ராஜபாளையத்திலிருந்து பேசும்போது, "எல்லாம் நல்லாருக்குப்பா" என்பதை நான் நம்புவதில்லை. "மலை எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்பேன். "வடக்கதாம்ப்பா" என்று சிரிப்பாள். போன வாரம் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னைக்கு மேக்க இருந்தா நல்லாருக்கும்ப்பா" என்றாள்.