சாக்பீஸில் தெரிந்த விரிசல்

போன தை மாதம். குமராட்சியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கைக்கு வளைகாப்பு. முடிந்ததும் அவளை அம்மா வீட்டுக்கு அழைத்து வருவது என் பொறுப்பு. முதல் நாளே சீர்த்தட்டுகளை ஏற்றிக்கொண்டு, கடலூரிலிருந்து எங்கள் காரில் கிளம்பினேன். வயசான கார்தான், ஆனால் அதை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும்.

சிதம்பரத்துக்குள் நுழையும்போது பின்பக்கம் டங்கென்று ஒரு சத்தம். இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. நாலு பேர் சேர்ந்து பக்கத்துப் பட்டறைக்குத் தள்ளிவிட்டார்கள். மெக்கானிக் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். பின் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்ஸில் ஷாஃப்ட் இரண்டில் ஒன்று முறிந்துவிட்டது என்றார்.

"வெல்டிங் வெச்சிக் குடு தம்பி. நாளைக்கி தங்கச்சிய கூட்டிக்கினு வந்துட்டா போதும்" என்றேன்.

"வெல்டிங் தாங்காதுக்கா. வாயும் வயிறுமா இருக்கறவங்கள அதுல ஏத்தலாமா?"

அலைந்து வேறு ஷாஃப்ட் வாங்கி வந்தார். மாட்டிவிடுவார் என்று பார்த்தால், முறியாத பக்கத்துச் சக்கரத்தையும் கழற்றினார். எனக்கு வந்ததே கோபம்! "ஒடஞ்சத உட்டுட்டு நல்லா இருக்கறத ஏன் நோண்டற? பொழுது போவலியா?" என்று பட்டறையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவர் அந்தப் பக்கத்து ஷாஃப்டையும் உருவினார். அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸைத் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில், சக்கரம் மாட்டும் முனையில், அந்த வெள்ளையில் மயிரிழை மாதிரி ஓர் ஈரக்கோடு கசிந்தது. விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் அது.

"இந்த எடத்துல ஒடஞ்சா சக்கரமே கழண்டு ஓடிடும்க்கா" என்றார், குரலை உயர்த்தாமல்.

பின் சீட்டில் தங்கை வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் வந்தது. அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பக்கத்துக்கும் வேறு ஷாஃப்ட் வரவழைத்தார். வாங்கி வந்த இரண்டுக்கும் அதே சாக்பீஸ் சோதனை. இரண்டிலும் விரிசல் இல்லை; ஒன்றில் மட்டும் லேசான கீறல். விரிசல் இப்படிப்பட்ட இடத்தில்தான் ஆரம்பிக்குமாம்; அது மறைந்து வழவழப்பாகும்வரை உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்தார். என்ன கை அது!

கிளம்பும்போது, "மனசுல வெச்சிக்காத தம்பி" என்றேன்.

"அட, போங்கக்கா! தங்கச்சிய பத்தரமா கூட்டிக்கினு போங்க" என்று சிரித்தார்.

மறுநாள் தங்கை வளையல் குலுங்க வீடு வந்து சேர்ந்தாள். இப்போது அவள் மகன் தவழ்கிறான். வீட்டில் எல்லோரும் என் பேச்சைக் கேட்டே ஆகவேண்டும் என்று நிற்பவள் நான். அந்தப் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம், அன்று என் பேச்சைக் கேட்காத அந்தத் தம்பியை மனசாரக் கும்பிடுகிறேன்.