அவருக்கும் ஒரு கயிறு

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்தேன். தனியாக வரும் பெண்ணுக்கு வீடு கிடைப்பது அப்போது கஷ்டம். கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவர் என்னை விட்டுவிட்டு மதராஸில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தப் போய்விட்டார் என்று சொன்னால் கேட்கவே வேண்டாம். அதனால் அவருக்குப் பம்பாயில் ஒரு வேலை போட்டுக் கொடுத்தேன். லீவே கிடைக்காத வேலை.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறை கிடைத்தது. அண்ணன் வந்து சாமான்களை இறக்கிவிட்டுப் போனார். கீழே வீட்டுக்கார அக்கா இருந்தார். அவரிடமும் பம்பாய்க் கதைதான்.

ஒருநாள் பாடத்தில் ‘டைவல்ஜ்’ என்ற சொல் வந்தது. ரகசியத்தை வெளியிடுவது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிறகு நூலகத்தில் தடியான அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் ‘வல்கஸ்’ என்றால் பொதுஜனமாம். டைவல்ஜ் என்பது ஒரு சேதியைக் கூட்டத்துக்குப் பொதுவாக்குவது. முதலில் அது ரகசியமாகத்தான் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மறைத்ததை வெளியே விடுவது என்று பிற்பாடுதான் குறுகியிருக்கிறது. ‘வல்கர்’ என்று முகம் சுளிக்கிறோமே, அதுவும் அதே வயிற்றுப் பிள்ளைதான். ‘ரிவீல்’ என்ற சொல்லில் திரை விலகுகிறது, அவ்வளவுதான். கோயிலில் தினமும் விலகுகிறது. இந்தச் சொல்லில் கூட்டம் இருந்தது. அகராதியை மூடி வைத்துவிட்டேன்.

கூட்டம் என்றால் என்னவென்று அந்த ஊரில் இருப்பவருக்கு அகராதி சொல்ல வேண்டாம். தீபத்தன்று மாடியிலிருந்து பார்த்தால் தெருவில் தலைகள்தான் தெரியும். எல்லா வீட்டிலும் சொந்தபந்தம் வந்து இறங்கியிருக்கும். என் அறையில் நான் மட்டும். இத்தனை தலைகளுக்கும் என் சங்கதி பொதுவாகிவிட்டால் என்று நினைத்துக் கதவைத் தாழ்போட்டுக்கொள்வேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பழகினால் பேச்சு வரும், பேச்சு வந்தால் வாய் தவறும் என்று பள்ளியில்கூடத் தனியாகவே சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்வரை என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன்.

தீபாவளியை ஒட்டி அக்கா வீட்டில் கேதார கௌரி நோன்பு எடுப்பார்கள். எங்கள் பக்கம் அந்த வழக்கம் கிடையாது. படையல் முடிந்ததும் அக்கா தட்டில் அதிரசமும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு மாடி ஏறி வருவார். என் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டு இன்னொன்றை நீட்டுவார். வெளியூரில் இருப்பவர்களுக்கும் கயிறு எடுத்துவைப்பது அவர்கள் வழக்கம்.

“இது அவருக்கு, டீச்சர். சாமியே அம்மனுக்குப் பாதி ஒடம்பக் குடுத்தது இந்த நோன்புக்குத்தானே. தபால்ல அனுப்பிடுங்க.”

“அனுப்பிடறேங்க்கா” என்பேன். அவர் இறங்கிப் போனதும் அதைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, அதிரசத்தைத் தண்ணீர் குடித்து விழுங்குவேன். ஆனால் நிம்மதியும் இருக்கும். இரண்டாவது கயிறு வருகிறது என்றால் ஊருக்கு இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம்.

எண்பதுகளின் நடுவில் வேலூருக்கு மாற்றல் வந்தது. சாமான் கட்ட அக்காவும் மாடிக்கு வந்தார். இனிமேல் என்ன என்று தோன்றியது. “அக்கா, அவரு பம்பாய்ல இல்லைங்க” என்று ஆரம்பித்தேன்.

அக்கா போர்வையை மடித்துக்கொண்டே, “தெரியும் டீச்சர்” என்றார். “நீங்க குடி வந்த அன்னைக்கே உங்க அண்ணன் சொல்லிட்டாருங்க. தங்கச்சியக் கொஞ்சம் பாத்துக்கங்கன்னு. தெருவுல எல்லாருக்கும் தெரியும்.”

“அப்ப அந்தக் கயிறு?”

“குடுக்காம வுட்டா, எங்களுக்குத் தெரியும்னு நீங்க கண்டுபுடிச்சிடுவீங்களே.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா.”

“கேட்டா நீங்க சொல்லியாவணும். எதுக்குங்க அந்தக் கஷ்டம்?”

எனக்காக ஒரு தெருவே வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. நன்றி சொல்ல வேண்டும் என்று புத்திக்குத் தெரிந்தது. வந்தது கோபம்தான். கீழே எல்லோரும் தெரிந்து வைத்திருந்த ஒன்றுக்காக மேலே நான் வருஷக்கணக்கில் தாழ்போட்டுக்கொண்டு கிடந்தேன். அக்காவின் நல்ல மனசில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒரே ஒரு தரம் கேட்டிருந்தால், அந்த மடியில் தலைவைத்து அழுதிருப்பேன்.