எலியாஸ் பார்க்காத காது

ஆம்பூர் டேனரியில் முப்பது வருஷம் தோல் தரம் பிரித்த எலியாஸுக்கு, ஐந்தாவதோடு பள்ளியை விட்டதிலும் பெருமை ஜாஸ்தி. மைசூர் பக்கத்துச் சந்தையில் சீமைப் பசு வாங்கியபோதும் முதுகையும் விலாவையும்தான் தடவிப் பார்த்தார். காதும் வாலடியும் டேனரியில் வெட்டி எறிகிற துண்டுகள்தானே! உண்ணிகள் அங்கேதான் சொகுசாக உட்கார்ந்து லாரியில் ஆம்பூர் வந்து சேர்ந்தன.

பத்தே நாளில் பசு காய்ச்சலில் படுத்தது.

"இந்த ஊர்ல இல்லாத உண்ணிங்க. தெரு மாடுங்க மேலயும் ஏறிடுச்சி. இது பொழைக்காது" என்றார் மாட்டு டாக்டர்.

எலியாஸ் விடவில்லை. "தோலைப் பாருங்க சார், ஒரு கீறல் இருக்குதா? முதல் தரம்!"

மனைவி சூசையம்மாள் பால் சொம்பை அவர் கையில் திணித்தாள்.

"அப்போ அந்தத் தோல்லயே கறந்துட்டு வாங்க."